பெயர் எழுதும்வரை வடை இல்லை

நான் வேலை பார்த்த ஆராய்ச்சிப் பிரிவில் இரத்தம் எடுப்பவர்களுக்கென்று ஒரு செயல்முறைக் கையேடு இருக்கிறது. அதன் பதினான்காவது விதி இப்படிச் சொல்கிறது: "குழாயில் பெயர் எழுதி முடியும்வரை சேகரிப்பவர் எந்த உணவையும், குறிப்பாக வடையை, கையில் எடுக்கலாகாது." முழுவதும் ஆங்கிலம், வடை மட்டும் வடையாகவே நிற்கிறது. புதிதாக வேலைக்குச் சேரும் வியட்நாமியப் பிள்ளைகளும் ஐரிஷ் பிள்ளைகளும் அதை வாசித்து, விளங்காமலே கீழே கையெழுத்துப் போடுகிறார்கள்.

2009இல் எனக்குப் பிரியாவிடை நடந்தபோது, கிளேர் என்ற இளம் பெண் கேட்டாள்: "சரோ, வடை என்பது ஒருவகைக் கிருமியா?" நான் சிரித்துச் சமாளித்துவிட்டேன். இப்போது கேள்விப்படுகிறேன், மரபணு ஆராய்ச்சிக்கு இனி இரத்தமே வேண்டாமாம். தபாலில் ஒரு குழாய் வரும். அதற்குள் துப்பி, மூடி, திருப்பி அனுப்பினால் போதுமாம். யாரும் யார் வீட்டுக்கும் போகத் தேவையில்லை. அப்படியானால் அந்த விதிக்கும் வேலை போய்விடும். அதற்கு முன்பு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த விதி பிறந்ததற்குக் காரணம் நான்தான்.

எண்பத்துமூன்றின் கடைசியில் மெல்பேர்னுக்கு வந்தவர்களில் நானும் ஒருத்தி. யாழ்ப்பாணத்தில் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவள் என்று சொன்னேன். இங்கே அது செல்லாது என்றார்கள். இரண்டு வருடம் தலையணைத் தொழிற்சாலையில் இறகு அடைத்தேன். பிறகு இரத்தம் எடுக்கும் பயிற்சிக்குப் போனேன். தோடம்பழத்தில் குத்தி, ரப்பர்க் கையில் குத்தி, கடைசியில் என் கணவர் குலசிங்கத்தின் கையில் குத்திப் பழகினேன். அந்த மனிதர் அந்தக் கோடை முழுவதும் நீளக்கைச் சட்டையோடு திரிந்தார். நாங்கள் இருந்த மல்கிரேவ் புறநகர்ப் பிள்ளைகள் எனக்கு 'ஊசி அன்ரி' என்று பெயர் வைத்தார்கள். கோயிலில் என்னைக் கண்டால் சின்னதுகள் ஓடிப்போய்த் தாய்மாரின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

என் மேலதிகாரி பேராசிரியர் விட்டிங். உயரமான, மெலிந்த, சத்தமே போடாத மனிதர். அவருக்குக் கோபம் வந்தால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார். அவ்வளவுதான். அந்தச் சின்ன 'டக்' சத்தத்துக்குப் பிரிவு முழுவதும் நடுங்கும். தவறான பெயர் ஒட்டிய குழாயைப் போல ஆபத்தான பொருள் உலகத்தில் இல்லை என்பது அவர் நம்பிக்கை. நோயாளி தன் பெயரையும் பிறந்த திகதியையும் தன் வாயாலேயே சொல்லவேண்டும். நாம் எடுத்துக் கொடுக்கக்கூடாது, பக்கத்தில் நிற்பவர்கள் சொல்லக்கூடாது, சொன்னதைக் கேட்ட இடத்திலேயே குழாயில் எழுதவேண்டும். இதை எங்கள் இரத்தத்தில் ஏற்றுவதற்காக, தினமும் காலையில் எங்களை வரவேற்கும்போதே கேட்பார்.

"காலை வணக்கம். உங்கள் பெயர்? பிறந்த திகதி?"

நானும் சொல்வேன். சரோஜினிதேவி குலசிங்கம், இன்ன திகதி. அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போவார். நான் அங்கே வேலை செய்த காலம் முழுவதும், ஒருநாள் தவறாமல். ஒருமுறை மின்தூக்கி பழுதாகி அவரும் நானும் உள்ளே அகப்பட்டுக்கொண்டோம். அங்கேயும் கேட்டார்.

அவருடைய ஆராய்ச்சி லூபஸ் பற்றியது. வீட்டைக் காக்கவேண்டிய நாய் வீட்டுக்காரரையே கடிப்பதைப் போன்ற நோய் அது. உடம்பின் காவல் உடம்பையே தாக்கும். சிலருக்கு மூட்டு வலியோடும் முகத்தில் சிவப்போடும் நின்றுவிடும். சிலருக்கோ சிறுநீரகத்தைப் பிடித்துக்கொள்ளும். ஏன் சிலருக்கு மட்டும்? இந்த ஒரு கேள்வியைத்தான் மனிதர் பதினொரு வருடமாகத் துரத்திக்கொண்டிருந்தார். இரத்தத்தில் சேரும் ஒருவகைக் குப்பையை அள்ளி அகற்றுவதற்கு உடம்பில் ஆட்கள் இருக்கிறார்கள். அந்த ஆட்களின் கையைச் செய்கிற மரபணு சிலருக்குக் கொஞ்சம் வேறு மாதிரி அமைந்துவிடுகிறது. கை வழுக்கினால் குப்பை போய்ச் சிறுநீரகத்தில் தங்கும். அந்த மரபணு இருந்தால் வந்தே தீரும் என்றில்லை, வரும் வாய்ப்புக் கூடும். அதைக் காட்டுவதற்கு நோயாளியின் இரத்தம் மட்டும் போதாது. அம்மா, அப்பா, கூடப்பிறந்தவர்கள் எல்லோருடைய இரத்தமும் வேண்டும். கூடவே ஆளுக்கொரு பெரிய மண்ணிறப் போத்தலில் ஒரு முழுநாள் சிறுநீரும்.

ஆகவே வீடு வீடாகப் போனேன். வீட்டில் யாருக்கு நோய் என்பது எனக்குத் தெரியக்கூடாது என்று பேராசிரியர் வைத்திருந்தார்; தெரிந்தால் கை ஒருபக்கம் சாயுமாம். நான் ஒன்றும் தெரியாமல் போய், எல்லோருக்கும் ஒரே மாதிரிக் குத்திவிட்டு வருவேன். போன இடமெல்லாம் ஒரே கேள்விதான். "இது ஆற்றை பக்கத்தாலை வந்தது?" யாருடைய பரம்பரையால் வந்ததென்று புருஷன் பெண்சாதியைப் பார்ப்பார், பெண்சாதி புருஷனைப் பார்ப்பார். ஆராய்ச்சியின் முடிவு தெரியுமுன்னமே இரண்டு குடும்பங்களில் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

எங்கள் ஆட்களின் வீடுகளுக்கு என்னை அனுப்பினால் அவர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள் என்று பேராசிரியர் நினைத்தார். அந்த மனிதருக்கு எங்களைத் தெரியாது. எங்கள் ஆட்கள் வெள்ளைக்கார டொக்டருக்குப் பிறந்தநாள் தொடக்கம் எல்லாவற்றையும் சொல்லுவார்கள். கோயிலில் காணக்கூடிய ஒருத்திக்குத் தடிமன், சளி என்றுகூடச் சொல்லமாட்டார்கள்.

மல்கிரேவில் பரமேஸ்வரி அக்காவின் வீட்டுக்கு நான் போனது ஒரு யூலை மாதம், நல்ல குளிர். கோயிலில் தூரத்தில் கண்ட பழக்கம் மட்டும்தான். அக்கா, கதிரையில் பேப்பரோடு அவருடைய கணவர், இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் மைதிலி, கல்யாணம் ஆகவில்லை. இளையவள் தர்சினி, கல்யாணம் முடித்துப் பொயிண்ட் குக்கில் இருக்கிறாள், இரத்தம் கொடுப்பதற்காக வந்திருக்கிறாள். இவ்வளவும் வாசலிலேயே அக்கா சொல்லிவிட்டார்.

உள்ளே கால் வைத்ததும் குசினியிலிருந்து உழுந்து வடை வாசம். நான் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை.

"இருங்கோ தங்கச்சி, முதல்லை வடையைச் சாப்பிடுங்கோ. சூடு ஆறினா நல்லாயிராது."

"வேலையை முடிச்சிட்டுச் சாப்பிடுறன் அக்கா."

"என்ன, எங்கட வீட்டிலை கை நனைக்க மாட்டீங்களோ?"

இதற்கு மேல் எந்தத் தமிழச்சி மறுப்பாள்? ஒரு கையில் வடை வந்துவிட்டது. மற்றக் கையால் பெட்டியைத் திறந்தேன். முதலில் வந்து உட்கார்ந்த பெண்ணைப் பார்த்து "உங்கட பேர் என்ன?" என்று கேட்க வாயைத் திறந்தேன். வாயில் வடை. அதோடு, வாசலிலேயே பெயர் சொல்லி அறிமுகப்படுத்திய வீட்டில், மறுபடி பெயர் கேட்டால் அவமரியாதைபோலவும் இருந்தது. நான் தயங்கிய அந்த இடத்தில் அக்கா புகுந்துவிட்டார்.

"இது தர்சினி. எழுதுங்கோ." பிறந்த திகதியையும் அவரே சொன்னார்.

எழுதினேன். பதினாறு வருடமாகக் காலைதோறும் சொல்லிப் பழகியதையெல்லாம் ஒரு வடை விழுங்கிவிட்டது.

அந்தப் பெண்ணின் நரம்பு லேசில் அகப்படவில்லை. இடது கையில், முழங்கையின் வெளிப்பக்கமாக, ஆழத்தில் ஒன்று இருந்தது. விரலால் அழுத்தினால் மட்டும் தெரியும், ஊசியைக் கண்டால் நழுவும். மூன்றாவது முறைதான் பிடித்தேன். அவள் வலியைக் காட்டாமல் சிரித்தாள்.

"அன்ரி, அது உங்களைக் கண்டு ஷையாகுது."

அடுத்தவளின் நரம்பு தோட்டத்துக் குழாய்போல முன்னுக்கே கிடந்தது. "இது மைதிலி" என்றார் அக்கா. அதையும் எழுதினேன். கல்யாணமானவளின் கழுத்தில் தாலி இல்லையா, பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். மெல்பேர்ன் யூலையில் யாருடைய கழுத்தைக் கண்டோம்? எல்லோரும் காதுவரை கம்பளி. அதோடு எங்கள் தொழிலில் முகத்தைப் பார்ப்பது குறைவு. முழங்கையைத்தான் பார்ப்போம்.

இருபத்துநான்கு மணித்தியாலம் கழித்து, நான் பெயர் ஒட்டிக் கொடுத்துவிட்டு வந்த போத்தல்கள் பேர்த்டே கேக் பெட்டி ஒன்றில் வைத்து ரிப்பன் கட்டி வந்து சேர்ந்தன.

முடிவுகள் வந்த நாளில் பேராசிரியர் என்னிடம் பெயரையும் பிறந்த திகதியையும் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் ஓடினார். அப்படி அவர் ஓடி நான் கண்டதில்லை. வருகிற வழியில் கேக் வேறு வாங்கி வந்திருந்தார். விஷயம் இதுதான். லூபஸ் இருந்தது மைதிலிக்கு. அவளுடைய குழாயில் அந்த மரபணு இல்லை, சிறுநீர் கண்ணாடிபோலச் சுத்தம். லூபஸே இல்லாத தர்சினியின் குழாயிலோ அந்த மரபணு இருந்தது, அவளுடைய போத்தலில் புரதம் கொட்டிக் கிடந்தது. நோய் இல்லாமலே மரபணு தனியாகச் சிறுநீரகத்தைத் தாக்குகிறது! பதினொரு வருடக் கருத்தைத் தலைகீழாக்கும் கண்டுபிடிப்பு. மனிதர் அன்றைக்கே கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டார்.

இன்னொரு பக்கத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. மைதிலியின் சிறுநீர் சுத்தமாக இருக்கிறதென்று கண்ட அவளுடைய லூபஸ் டொக்டர் சந்தோஷப்பட்டு மாத்திரைகளைக் குறைத்தார். தர்சினியை அவசரமாகக் கூப்பிட்டு இன்னொரு போத்தல் கொடுத்தார்கள். அதுவும் நிறைந்து வந்தது, முந்தியதைவிட மோசமாக. சிறுநீரகத்தில் ஊசி விட்டு ஒரு துண்டு எடுத்துப் பார்ப்பதென்று நாள் குறித்தார்கள்.

அந்தக் காலை வார்டுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். துண்டு எடுப்பதற்கு முன்னால் இரத்தம் உறைகிறதா என்று பார்க்கவேண்டும். தர்சினி நீல அங்கியோடு கட்டிலில் இருந்தாள். பக்கத்தில் பரமேஸ்வரி அக்கா, மடியில் பலகாரம் வைக்கும் ஒரு ரப்பர்வெயார்ப் பெட்டி. இந்தமுறை ஒழுங்காகக் கேட்டேன்.

"பேர்? பிறந்த திகதி?"

சொன்னாள். குழாயில் இருந்ததுதான். இடது கையை நீட்டச் சொன்னேன். வெளிப்பக்கம் தடவினேன், ஆழத்தில் அழுத்தினேன். அந்த வெட்கப்படுகிற நரம்பைக் காணவில்லை. தோட்டத்துக் குழாய் முன்னுக்கே கிடந்தது.

எனக்கு முகங்கள் மறக்கும். சொந்த மச்சாளையே சிட்னியில் பரமட்டா ஸ்டேஷனில் கண்டு யாரென்று தெரியாமல் வழிவிட்டவள் நான். கை மறக்காது.

"அக்கா, கீழை போய் எனக்கொரு கோப்பி வாங்கி வாறீங்களோ?" என்று தாயை அனுப்பிவிட்டுக் குனிந்தேன்.

"தங்கச்சி, நான் அண்டைக்கு மூண்டுதரம் குத்தின கை இது இல்லை."

அவள் கண் நிறைந்துவிட்டது. "அன்ரி, ப்ளீஸ், அம்மாட்டைச் சொல்லாதேங்கோ. அக்காவுக்கு சிட்னியிலை மரேஜ் பேசியிருக்கு. நெக்ஸ்ற் மன்த் பொம்பிளை பாக்க வருகினம். நீங்கள் எங்கட ஆள், எப்பிடியும் வெளியிலை கதை வந்திடும் எண்டுதான் அம்மா பேரை மாத்தினவ. நான் கல்யாணம் முடிச்சிட்டன்தானே, என்ர பேரிலை என்ன வந்தாலும் பரவாயில்லை எண்டவ."

"இப்ப உம்மட முதுகிலை ஊசி விடப்போகினமே, தெரியுமோ?"

"பிளட் ரெஸ்ற் மாதிரி ஒரு ஊசி எண்டுதான் அம்மா சொன்னவ. ரிசல்ட் வந்தா எனக்கு டப்லெற் தருவினம், அதை அக்காவுக்குக் குடுப்பம் எண்டு."

வைத்தியம் நடக்கட்டும், பெயர் மட்டும் மாறி நடக்கட்டும் என்பது பரமேஸ்வரி அக்காவின் திட்டம். யோசித்துப் பார்த்தால் ஒரு இராணுவத் தளபதியின் மூளை. ஆனால் சிறுநீரகத்துக்கு ஆள்மாறாட்டம் விளங்காது.

"உம்மட அக்கா மைதிலி இப்ப எங்கை?"

"கார் பார்க்கிலை. அப்பாவோடை. கால் வீங்கிப்போச்சு, சப்பாத்து ஏறேல்லை. அப்பாவின்ர சிலிப்பரோடை வந்தவ. இஞ்சை தமிழ் ஸ்ராஃப் காணுவினம் எண்டு அம்மா இறங்க விடேல்லை."

நான் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். ஐம்பத்தைந்து வயதில், என் பருத்த உடம்போடு, கார் நிறுத்தும் இடத்தின் மூன்று தளங்களும் தேடினேன். மூன்றாவது தளத்தில் காருக்குள் தகப்பன் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். பின்சீற்றில் மைதிலி. முகம் உப்பி, கண்ணிமை தடித்து, தகப்பனின் செருப்புக்குள் அடங்காத கால்கள். கல்யாணப் பேச்சின் சந்தோஷத்தில் உடம்பு வைக்கிறாள் என்று தாய் நினைத்தாராம். எனக்கு அப்போது வந்தது கோபமில்லை, பயம். இந்தக் காலை வீங்கவைத்ததில் என் கைக்கும் பங்கு இருக்கிறதென்ற பயம்.

தகப்பன் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "எங்கட பக்கத்திலை ஒருத்தருக்கும் இப்பிடி இல்லை" என்றார்.

"இறங்குங்கோ அண்ணை, பிள்ளையைப் பிடியுங்கோ."

நாங்கள் வார்டுக்குத் திரும்பியபோது பேராசிரியர் வந்துவிட்டார். அவருடைய கண்டுபிடிப்பு கட்டிலில் இருந்து அழுதது. அதே சாயலில் இன்னொரு பெண் சக்கர நாற்காலியில் வந்தாள். பரமேஸ்வரி அக்கா கோப்பியோடு வாசலில் சிலையாக நின்றார். பேராசிரியர் ஒவ்வொருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, நாற்காலிக்கு முன்னால் முழங்காலில் இருந்து, அவருக்குத் தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டார்.

"உங்கள் பெயர்? பிறந்த திகதி?"

"டொக்டர், ஷீ இஸ்—" என்று அக்கா தொடங்கினார்.

"அம்மா, பேசாமல் இருங்கோ. நான் சொல்லுறன்." மைதிலி மூச்சை இழுத்துக்கொண்டு தன் முழுப்பெயரையும் திகதியையும் ஆங்கிலத்தில் சொன்னாள். வார்டு முழுக்கக் கேட்கத்தக்கதாகச் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவளுக்குத்தான் அன்று துண்டு எடுத்தார்கள். சிறுநீரகம் நன்றாகவே பிடிபட்டிருந்தது, ஆனால் கைவிட்டுப் போகவில்லை. இன்னும் சில கிழமை போயிருந்தால் கதை வேறு என்றார்கள். அன்றைக்கே மருந்து ஏற்றத் தொடங்கினார்கள்.

பின்னேரம் பேராசிரியரின் அறைக்குப் போனேன். நான் வாயைத் திறக்கமுன் கைக்கடிகாரம் மேசைக்கு வந்துவிட்டது.

"குழாய்களில் பெயரைச் சொன்னது யார்?"

"தாய்."

"நீங்கள் ஏன் பிள்ளைகளைக் கேட்கவில்லை?"

"வாயில் வடை இருந்தது."

பேனாவைத் திறந்தார். "வடை என்றால் என்ன?"

விளக்கினேன். உழுந்து, வெங்காயம், பச்சைமிளகாய், நடுவில் ஓட்டை. ஓட்டை எதற்கென்று கேட்டார். நன்றாக வேகுவதற்கு என்றேன். நரம்பை வைத்து ஆளைக் கண்டுபிடித்ததையும் சொன்னேன். எல்லாவற்றையும் சம்பவ அறிக்கையில் எழுதிக்கொண்டார். வடைக்கு எழுத்துக்கூட்டலைக்கூடக் கேட்டு எழுதினார். வேலையை விடுவதாகச் சொல்லிக் கடிதத்தை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை.

"மைதிலிக்கு இனி மூன்று மாதத்துக்கொருமுறை இரத்தம் எடுக்கவேண்டும். அந்த நரம்பை வேறு யார் கண்டுபிடிப்பது?"

தன்னுடைய கட்டுரையை அவர் என் முன்னாலேயே கிழித்தார். பெயர்களைச் சரியாக மாற்றிப் போட்டதும் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது: லூபஸ் உள்ளவளுக்கே மரபணுவும் இருந்தது, சிறுநீரகமும் பழுது. பழைய கருத்தின் பக்கத்தில் இன்னொரு சின்னப் புள்ளி. அடுத்த நாள் காலை வழமைபோலப் பெயரும் திகதியும் கேட்டார். சொன்னேன். "நீங்களே சொன்னதற்கு நன்றி" என்றார். அந்த மாதமே பதினான்காவது விதி கையேட்டில் ஏறியது.

மைதிலி ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தே சிட்னி மாப்பிள்ளைக்கு ரெலிபோன் எடுத்துத் தன் நோயைத் தானே சொன்னாள். ஏற்கெனவே இரண்டு சாத்திரிமார் பார்த்துப் பொருந்தின ஜாதகம் மூன்றாவது சாத்திரியிடம் பொருந்தவில்லை என்று பரமட்டாவிலிருந்து செய்தி வந்தது. அக்கா என்னோடு ஒரு வருடம் பேசவில்லை. ஆனால் மூன்று மாதத்துக்கொருமுறை மகளோடு வருவார். வெளியில் கதிரையில், ரப்பர்வெயார்ப் பெட்டியை மடியில் வைத்து, மூடியின்மேல் இரண்டு கையையும் அழுத்தியபடி இருப்பார். உள்ளே என்ன இருக்கிறதென்று வாசமே சொல்லும். திறக்கமாட்டார். வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோய்விடுவார்.

நான் ஓய்வுபெற்ற நாளில் கடைசியாக எடுத்த இரத்தம் மைதிலியுடையதுதான். நான் கேட்டுத்தான் அந்த நாளில் அவளை வரவைத்தேன். சிறுநீரகம் இரண்டும் இன்னும் வேலை செய்கின்றன. கையை நீட்டி, கேட்கமுன்னமே பெயரையும் திகதியையும் சொன்னாள். அந்த வெட்கக்கார நரம்பு அன்றைக்கு முதல் குத்திலேயே பிடிபட்டது. அந்த இடத்திலேயே குழாயை எடுத்து எழுதினேன்.

திரும்பிப் பார்த்தால் வாசலில் பரமேஸ்வரி அக்கா. அறைக்குள் அவர் வந்தது அதுதான் முதல்தடவை.

"எழுதியாச்சோ தங்கச்சி?"

"எழுதியாச்சு அக்கா."

"ஆற்றை பேர்?"

"மைதிலியின்ர."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தார். குழாயை வெளிச்சத்துக்குத் திருப்பச் சொன்னார். ஒவ்வொரு எழுத்தாக, உதடு அசைய வாசித்தார். பிறந்த திகதியையும் வாசித்தார். பிறகுதான் பெட்டியின் மூடியைத் திறந்தார்.

"இப்ப சாப்பிடுங்கோ" என்றார்.